தலைப்புச் செய்தியில் ஒரு ரஷ்ய இலக்கணம்

(பெங்களூருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



தமிழ் மேடையில் ரஷ்ய மொழிக்கு என்ன வேலை என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்களாம். கேட்க வேண்டிய கேள்விதான். இன்று நான் பேசப்போவதில் பாதி தமிழ் இலக்கணம் என்று சொன்னால் அவர்கள் கொஞ்சம் சமாதானமடையலாம்.

இந்த ஊருக்கு ரஷ்ய மொழி புதிதில்லை. இங்கே பீன்யாவின் கொட்டகைகளில் உருவான ஆர்யபட்டா செயற்கைக்கோள், 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் நாட்டின் கபுஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து அவர்களுடைய ராக்கெட்டில்தான் மேலே போனது. அதன்பின் பாஸ்கரா இரண்டும் போயின. 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஐ.ஆர்.எஸ்.-1ஏ போனது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நான்கு விமானிகளும் 2020 முதல் 2021 வரை மாஸ்கோ அருகே ககாரின் பயிற்சி மையத்தில் இருந்தார்கள். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11 கலத்தில் ஏறுவதற்கு முன் ரஷ்ய மொழியைக் கற்றுக்கொண்டதுபோல இவர்களும் கற்றார்கள். இன்னொரு பக்கம், தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் மருத்துவம் படிக்க ரஷ்யா போகும் பிள்ளைகள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். வார்டில் படுத்திருக்கும் பாட்டி ரஷ்ய மொழியில்தான் வலிக்கிறது என்பாள்.

இந்த ஊரில் மாலை வகுப்புகளில் ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்துப் பல காலம் ஆகிறது. வருகிறவர்களில் கணிசமானோர் தமிழர். அவர்கள் கையில் இருக்கும் பாடநூல் ஆங்கிலம் பேசுகிறவருக்காக எழுதப்பட்டது. வேற்றுமை என்றால் என்ன என்பதையே அந்தப் புத்தகம் பல பக்கங்களுக்கு விளக்குகிறது, ஏதோ அயல்கிரகத்துப் பழக்கம்போல. ஆறாம் வகுப்பிலிருந்து ஐ, ஆல், கு என்று ஒப்பித்த பிள்ளை அதைப் படித்துப் பயந்துபோகிறது. ரஷ்ய இலக்கியம் நமக்கு வந்ததிலும் ஆங்கிலமே பெரும்பாலும் நடுவில் நின்றது. மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்த பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் சிலர்தான்.

நான் முன்வைக்கும் கருத்து இது. ரஷ்ய மொழிக்குள் நுழையத் தமிழ் மாணவருக்குத் தோதான வாசல் செய்தித் தலைப்பு. தலைப்பு என்பது ஐந்தாறு சொல்தான். அதில் அலங்காரத்துக்கும் மரியாதைக்கும் இடமில்லை. பல சமயம் வினைக்கும் இடமில்லை. எல்லாவற்றையும் உதிர்த்த பிறகு பொருளைத் தாங்கி நிற்பது சொல்லின் இறுதியில் ஒட்டியிருக்கும் உருபு. உருபைப் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குச் சிறுவயது முதல் கைவந்தது.

தலைப்பைப் பார்த்து மொழி கற்பது நான் கண்டுபிடித்ததும் இல்லை. 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியின் பெரிய எழுத்துகளைத் தேநீர்க் கடையில் கூட்டிக் கூட்டிப் படித்து எழுத்தறிந்தவர்கள் நம் குடும்பங்களில் இருந்திருக்கிறார்கள். இந்த ஊரின் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் கன்னடம் படிக்கக் கற்றது பேருந்துப் பலகையிலும், எதிர் இருக்கைக்காரர் விரித்துப் பிடித்த பிரஜாவாணி நாளேட்டிலும்தான். ‘பெங்களூரிகெ’ என்றால் பெங்களூருக்கு, ‘பெங்களூரினல்லி’ என்றால் பெங்களூரில். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உருபு உட்காரும் இடம் மனத்தில் ஏற்கெனவே இருந்தது. சத்தம் மட்டும் புதிது.

ஒரு முன்குறிப்பு. இனி நான் காட்டும் தலைப்புகள் எந்தப் பத்திரிகையிலிருந்தும் எடுத்தவை அல்ல. ரஷ்யச் செய்தித்தாள்களின் வார்ப்பில் வகுப்புக்காக நானே அமைத்தவை. ரஷ்ய ஒலிகளைத் தமிழ் எழுத்தில் முடிந்த அளவுக்குத்தான் காட்ட முடிந்திருக்கிறது.

1. வினை இல்லாத வாக்கியம்

‘மஸ்க்வா – ஸ்தலீத்ஸா ரஸ்ஸீயி.’ மாஸ்கோ ரஷ்யாவின் தலைநகரம். இரண்டு மொழியிலும் இதில் வினை கிடையாது. நம் இலக்கணத்தில் இது பெயர்ப் பயனிலை. ரஷ்ய எழுத்தில் நடுவே ஒரு நீள்கோடு விழுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. ஆங்கில வழியே வரும் மாணவர் அந்தக் கோட்டைப் பார்த்து, இங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவார். எதுவும் விட்டுப்போகவில்லை.

தலைப்பு இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறது. ‘இந்தியா – ந லுனே’: இந்தியா நிலவில். ‘ஸ்னோவா ந லுனு’: மறுபடியும் நிலவுக்கு. இரண்டாவதில் போகிறது, கிளம்புகிறது, பறக்கிறது என்று எந்த வினையும் இல்லை. ‘லுனே’ என்பது ‘லுனு’ ஆனதுமே பயணம் வந்துவிடுகிறது. நம் ‘நிலவில்’, ‘நிலவுக்கு’ என்ற வேறுபாடு அங்கே கடைசி உயிர் ஒன்றில் இருக்கிறது.

முக்காற்புள்ளியும் இப்படி ஒரு வினையின் வேலையைச் செய்கிறது. நம் பத்திரிகை ‘விலை குறையும்: அமைச்சர் உறுதி’ என்று போடும். சொன்னவர் பின்னால் வருகிறார். ரஷ்யப் பத்திரிகை ‘அமைச்சர்: விலை குறையும்’ என்று போடும். பெயரை அடுத்து இரண்டு புள்ளி என்றால் ‘என்றார்’. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் பாதித் தலைப்புகளுக்கு யார் பேசுகிறார் என்ற கேள்வி எழாது.

2. ஆறும் எட்டும்

தொல்காப்பியர் வேற்றுமையை ஏழு என்று தொடங்கி விளியோடு எட்டாக்குகிறார். ரஷ்யப் பள்ளியில் ஆறு. வரிசை மாறியிருக்கும்: எழுவாய்க்கு அடுத்து நம் ஆறாவது வரும், பிறகு நான்காவது, இரண்டாவது, மூன்றாவது, கடைசியில் நம் ஏழாவது. நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருளை ஒரு முன்னிடைச்சொல்லோடு ஆறாவதே பார்த்துக்கொள்கிறது. விளி பெரும்பாலும் மறைந்துவிட்டது. கடவுளைக் கூப்பிடும்போது மட்டும் பழைய வடிவம் தலைகாட்டும். தலைப்பில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்பதால் நமக்கு அதனால் நஷ்டம் இல்லை.

மூன்றாம் வேற்றுமையில் கொஞ்சம் நிற்க வேண்டும். கத்தியால் வெட்டினான், நண்பனோடு வந்தான். ‘ஆல்’ வேறு, ‘ஓடு’ வேறு. ஆனாலும் நம் இலக்கணிகள் இரண்டையும் ஒரே வேற்றுமையில் வைத்தார்கள். ஏன் என்று பள்ளியில் யாரும் கேட்பதில்லை. ரஷ்ய மொழியிலும் அப்படித்தான். உருபு தனியே நின்றால் கருவி. முன்னால் ‘ஸ்’ என்ற சிறு ஒலி சேர்ந்தால் உடனிகழ்ச்சி. ‘முஷீனா உபீத் மோல்னியெய்’: ஒருவர் மின்னலால் கொல்லப்பட்டார். ‘பெரெகவோரி ஸ் இந்தியெய்’: இந்தியாவோடு பேச்சுவார்த்தை. மின்னலுக்கும் இந்தியாவுக்கும் இறுதி ஒன்றே. ஆங்கிலப் பாடநூல் இதை விளக்கத் திணறும் இடத்தில் நம் மாணவர் ‘மூன்றாவது’ என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு அடுத்த பக்கம் போகலாம்.

இரண்டாம் வேற்றுமை இன்னும் சுவையானது. ‘மரம் வெட்டினான்’ என்கிறோம், ஐ இல்லாமலே. ‘ராமன் பார்த்தேன்’ என்று சொல்ல வாய் வராது. ராமனை என்றே வர வேண்டும். அஃறிணையில் ஐ மறையலாம், உயர்திணையில் மறையாது. ரஷ்ய மொழியிலும் உயிருள்ள பெயர், உயிரற்ற பெயர் என்று ஒரு கோடு இருக்கிறது. ஆண்பால் ஒருமைச் சொற்களில் அது பளிச்சென்று தெரியும். ‘பலீத்சியா ஸதெர்ஜாலா ஸ்துதேந்தா’: காவல்துறை மாணவனைப் பிடித்தது. ‘ஸ்துதேந்த்’ என்ற எழுவாய் வடிவம் மாறியிருக்கிறது. ‘பலீத்சியா நஷ்லா அஃப்தமபீல்’: காவல்துறை கார் கண்டெடுத்தது. கார் மாறவில்லை. நாம் ‘காரை’ என்று சொல்லாமல் ‘கார்’ என்று விட்டதுபோலவே.

கோடு விழும் இடம் மட்டும் வேறு. நமக்கு யானை அஃறிணை. ரஷ்ய இலக்கணத்தில் யானை உயிருள்ளது, ஆகவே ‘ஸ்லோன்’ என்பது ‘ஸ்லனா’ ஆகியே தீர வேண்டும். இறந்தவர்? ‘பகோய்னிக்’ என்றால் காலமானவர். இலக்கணம் அவரை உயிருள்ள வரிசையிலேயே வைத்திருக்கிறது. ‘த்ரூப்’ என்றால் பிணம், அது பொருள். ஒரே உடல், எந்தச் சொல்லால் குறிக்கிறோம் என்பதைப் பொறுத்து வேற்றுமை மாறும். குற்றச் செய்தித் தலைப்புகளில் இந்த இரண்டாவது சொல் அடிக்கடி வரும். அதில் உருபு மாறவில்லையே என்று மாணவர் கவனித்துக் கேட்கும் நாளில் அவருக்குத் திணை புரிந்துவிட்டது என்று நான் கணக்கு வைத்துக்கொள்வேன்.

நான்காவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பிடிக்கும், எனக்கு இருபது வயது, எனக்குக் குளிர்கிறது: மூன்றிலும் நமக்குக் ‘கு’, அவர்களுக்கும் நான்காவது. நான், என்னை என்று ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாமல் ‘எனக்கு’ என்பதிலிருந்து நேரே ‘ம்னே’ என்பதற்குப் போனால் போதும்.

3. செய்தவர் யார்?

உங்கள் தெருவுக்கு வருகிறேன். காலையில் எழுந்து பார்த்தால் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. வீட்டுக்குள் திரும்பி என்ன சொல்கிறீர்கள்? ‘ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க.’ யார்? மாநகராட்சியா, குடிநீர் வாரியமா, மின்வாரியமா, கேபிள்காரர்களா? வாக்கியத்துக்கு அது தேவையில்லை. எழுவாய் இல்லை, பன்மை வினை மட்டும் இருக்கிறது. தமிழ்ப் பேச்சில் இது ஓயாமல் வருகிறது: கரண்ட் கட் பண்ணிட்டாங்க, லீவு விட்டுட்டாங்க, விலை ஏத்திட்டாங்க.

ரஷ்யச் செய்தித் தலைப்பின் முதுகெலும்பு இந்த வாக்கியம்தான். ‘உலித்ஸு பெரெகபாலி’: தெருவைத் தோண்டிப் போட்டிருக்காங்க. ‘வ் மஸ்க்வே அத்க்ரீலி மூஸேய்’: மாஸ்கோவில் அருங்காட்சியகம் திறந்திருக்காங்க. ‘பென்ஸியனேரம் பவீஸ்யத் பேன்சியி’: ஓய்வூதியக்காரர்களுக்கு ஓய்வூதியம் உயர்த்துவாங்க. ‘அவர்கள்’ என்ற சொல்லைச் சேர்த்தால் வாக்கியம் கெட்டுப்போகும். குறிப்பிட்ட சிலர் என்ற பொருள் வந்துவிடும். சேர்க்காமல் இருந்தால்தான் யாரோ, உரியவர்கள், அரசாங்கம் என்ற பொருள்.

ஆங்கில வழியில் கற்றவர் இதைச் செயப்பாட்டு வினையாக மாற்றிப் புரிந்துகொள்கிறார். பிறகு தமிழில் மொழிபெயர்க்கும்போது ‘அருங்காட்சியகம் திறந்து வைக்கப்பட்டது’ என்று எழுதுகிறார். படுவிகுதி இப்படியும் நம் நாளேடுகளில் பெருகியது. பேச்சுத் தமிழ் காதில் இருந்தால் இந்தச் சுற்று வழி வேண்டாம். வகுப்பில் மாணவர்களிடம் நான் சொல்வது: இந்த வகைத் தலைப்பை எழுத்துத் தமிழில் சொல்லிப் பார்க்காதீர்கள், வீட்டில் பேசுவதுபோல் சொல்லிப் பாருங்கள்.

இதிலிருந்து பிறந்த ஒரு வகைத் தலைப்பு இப்போது ரஷ்ய இணையச் செய்திகளில் காடாக வளர்ந்திருக்கிறது. ‘ரஸ்ஸியானம் ரஸ்கஸாலி…’ என்று தொடங்கும்: ரஷ்யர்களுக்குச் சொன்னாங்க. என்ன சொன்னாங்க? உருளைக்கிழங்கை எப்படி வைத்திருப்பது, குளிர்காலத்தில் எதைச் சாப்பிடுவது, எந்த நாளில் விடுமுறை நீளும். யார் சொன்னார்கள் என்பது செய்தியின் மூன்றாவது பத்தியில் இருக்கும், இருந்தால். பத்திரிகைத் தொழிலுக்கு இது அழகில்லை. ஆனால் தொடக்கநிலை மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை: நான்காம் வேற்றுமைப் பன்மை, எழுவாயற்ற இறந்தகாலப் பன்மை, இரண்டையும் ஒரே நாளில் பத்து முறை பார்க்கலாம்.

செய்தவரே இல்லாத இன்னொரு அமைப்பும் உண்டு. புயலடித்த மறுநாள் ‘க்ரீஷு ஸ்னெஸ்லோ வேத்ரம்’ என்று வரும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கூரையைக் காற்றால் கொண்டுபோயிற்று. கூரைக்கு இரண்டாம் வேற்றுமை. காற்றுக்கு மூன்றாம் வேற்றுமை. எழுவாய் இடம் காலி. வினை அஃறிணை ஒருமைபோல் நிற்கிறது. காற்று செய்தது என்றால் காற்றுக்கு ஒரு நோக்கம் வந்துவிடும் என்று அந்த மொழி தயங்குகிறதோ என்று எனக்குத் தோன்றும். நாம் ‘காற்றில் கூரை பறந்தது’ என்று கூரையை எழுவாயாக்கி முடித்துக்கொள்கிறோம். இங்கே நம் உருபறிவு உதவும், வாக்கிய அமைப்பு உதவாது.

4. நடந்ததா, நடந்துகொண்டிருந்ததா

ரஷ்ய மொழியில் பலரும் தடுக்கி விழுவது வினையில். ஏறக்குறைய ஒவ்வொரு வினையும் இரட்டையாக வருகிறது: செயலின் போக்கைக் காட்டும் வடிவம் ஒன்று, அது முடிந்து பலன் கண்டதைக் காட்டும் வடிவம் ஒன்று. ‘ஸ்தவால் எக்ஸாமென்’ என்றால் தேர்வு எழுதினான். ‘ஸ்தால் எக்ஸாமென்’ என்றால் தேறிவிட்டான். ஊருக்குக் கடிதம் எழுதும் மருத்துவ மாணவர் இந்த இரண்டையும் மாற்றிவிடக் கூடாது.

தமிழில் துணைவினைகள் இந்த வேலையில் ஒரு பங்கைச் செய்கின்றன: வந்துகொண்டிருந்தான், வந்துவிட்டான். ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாம் ‘விட்டான்’ என்பதை விருப்பப்படி சேர்க்கலாம், விடலாம்; ரஷ்யருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தலைப்பில் இந்தத் தேர்வு கண்ணாடிபோல் தெரியும். ‘இந்தியாவும் ரஷ்யாவும் தகவாரிவலிஸ்’ என்றால் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘தகவரீலிஸ்’ என்றால் பேசி முடித்து உடன்பாடு கண்டார்கள். ஓர் அசையில் ஒப்பந்தம் இருக்கிறது. நடந்து முடிந்ததைச் சொல்லும் தலைப்புகளில் பெரும்பாலும் முடிந்த வடிவமே வருவதால், மாணவர் முதலில் அதைப் பழகி, பிறகு மற்றதை ஏன் போட்டார்கள் என்று கேட்கத் தொடங்குவார். பாடநூல்கள் எதிர்த்திசையில் போகின்றன.

வினைக்கு முன்னால் ஒட்டும் சிறு முன்னொட்டுகளுக்கு இந்த ஊர் பொருத்தமான வகுப்பறை. பறத்தலுக்கு ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வ்ஸ்லெதேல்’: தரையிலிருந்து மேலெழுந்தது. ‘வீலெதெல்’: கிளம்பியது. ‘ப்ரிலெதேல்’: வந்து சேர்ந்தது. ‘ப்ரலெதேல்’: கடந்து பறந்தது. ‘அப்லெதேல்’: சுற்றிப் பறந்தது. ‘தலெதேல்’: அதுவரை போய் எட்டியது. ‘உலெதேல்’: போய்விட்டது. 2025 பிப்ரவரியில் எலஹங்கா விமானக் காட்சிக்கு ரஷ்யாவின் சு-57 போர் விமானம் வந்தபோது, வந்ததிலிருந்து திரும்பிப் போனது வரை இந்தச் சொற்களை ஒரு மாணவர் குழுவுக்கு வரிசையாக நடத்த முடிந்தது. மேலே பார்த்தால் போதும், கரும்பலகை தேவைப்படவில்லை.

இறங்குவதிலும் அப்படியே. மண்ணில் இறங்கினால் ‘ப்ரிஸெம்லீத்ஸா’, நிலவில் இறங்கினால் ‘ப்ரிலுனீத்ஸா’, நீரில் இறங்கினால் ‘ப்ரிவத்னீத்ஸா’. ஸெம்ல்யா நிலம், லுனா நிலவு, வதா நீர். மூன்று பெயரைத் தெரிந்தவருக்கு மூன்று வினை இலவசம். தலைப்பு வழிச் சொல்வளம் இப்படித்தான் கூடுகிறது: தனிச்சொல்லாக அன்றி, குடும்பமாக.

5. தமிழ் கைகொடுக்காத இடங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் தமிழுக்கு விளம்பரம் செய்தவன் ஆவேன்.

ஆறாம் வேற்றுமைச் சங்கிலி நமக்குத் தலைகீழ். ‘மினிஸ்த்ர் அபரோனி இந்தியி’ என்பதை வலமிருந்து இடமாகப் படித்தால்தான் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சர் வருவார். அரசுச் செய்திகளில் இந்தச் சங்கிலி ஐந்தாறு கண்ணிகூடப் போகும். கடைசிச் சொல்லைப் பிடித்துப் பின்னோக்கி வரப் பழக வேண்டும்.

நம் பெயரடை அசையாது: பெரிய வீடு, பெரிய வீட்டில், பெரிய வீடுகளுக்கு. ரஷ்யப் பெயரடை தன் பெயரோடு பால், எண், வேற்றுமை மூன்றிலும் ஒத்து ஆடும். இதற்கு மனப்பாடத்தைத் தவிர வழி இல்லை.

எண்ணிக்கை இன்னும் விசித்திரம். ஒன்றுக்கு எழுவாய் ஒருமை. இரண்டு, மூன்று, நான்குக்கு ஆறாம் வேற்றுமை ஒருமை. ஐந்திலிருந்து ஆறாம் வேற்றுமைப் பன்மை. இருபத்தொன்று வந்தால் மறுபடியும் ஒருமை. விபத்து, விலை, வானிலை எல்லாம் எண்ணோடு வருவதால் தலைப்பில் இதைத் தினமும் பார்த்துப் பழகலாம் என்பது ஆறுதல்.

அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதை அச்சு காட்டாது. ‘ஸாமக்’ என்றால் கோட்டை, ‘ஸமோக்’ என்றால் பூட்டு, எழுத்து ஒன்றே. ஆகவே தலைப்பைக் கண்ணால் மட்டும் படிப்பது பாதி வேலை. அதே செய்தியை வானொலியிலோ காணொலியிலோ கேட்க வேண்டும்.

6. தலைப்பு மறைப்பது

2023 ஆகஸ்ட் மாதத்தை இந்த அவையில் மறந்தவர் இருக்க மாட்டார். 11ஆம் தேதி ரஷ்யா லூனா-25 கலத்தை ஏவியது. 1976இல் போன லூனா-24க்குப் பிறகு அவர்களுடைய முதல் நிலவுப் பயணம். சந்திரயான்-3 ஏற்கெனவே நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. 19ஆம் தேதி லூனா-25உடன் தொடர்பு அறுந்தது. மறுநாள் ரஷ்ய விண்வெளி நிறுவனமான ராஸ்காஸ்மாஸ் ஓர் அறிக்கை தந்தது. அதன் நடு வாக்கியத்தை ரஷ்யத் தலைப்புகள் அப்படியே எடுத்துக்கொண்டன: கலம் கணக்கில் இல்லாத சுற்றுப்பாதைக்கு மாறி, நிலவின் மேற்பரப்போடு மோதியதன் விளைவாகத் தன் இருப்பை முடித்துக்கொண்டது. 23ஆம் தேதி மாலை 6.04க்கு, இதே பீன்யாவில் இருக்கும் கட்டுப்பாட்டு மையம் பார்த்துக்கொண்டிருக்க, சந்திரயான்-3 இறங்கியது. ரஷ்யத் தலைப்புகளில், வகுப்பில் பார்த்த ‘ப்ரிலுனீலஸ்’ வந்தது என்று சொல்லவே அந்த வாரம் மாணவர்கள் ஓடி வந்தார்கள். நான் அவர்களை ராஸ்காஸ்மாஸ் தந்த அந்த வாக்கியத்தில்தான் நிறுத்தி வைத்தேன்.

இலக்கணப்படி அதில் குறையே இல்லை. கலம் எழுவாய். அது மாறியது, அது முடித்துக்கொண்டது, இரண்டும் தன்வினை. மோதல் ஒரு தொழிற்பெயராகி ‘விளைவாக’ என்ற சொல்லுக்குள் ஒதுங்கிவிட்டது. நொறுங்கியது என்ற வினை எங்கும் இல்லை. கணக்கைத் தவறவிட்டவர் எவரும் இல்லை. ‘கணக்கில் இல்லாத’ என்ற பெயரடை மட்டும் இருக்கிறது. முன்பு சொன்ன எழுவாயில்லா வாக்கியம் பேச்சில் வசதிக்காக வந்தது. இங்கே தன்வினையும் தொழிற்பெயரும் பொறுப்பை இறக்கிவைக்கப் பயன்படுகின்றன. எந்த வினை பெயராக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதும் இலக்கணப் பயிற்சிதான்.

நாம் சிரிக்க வேண்டியதில்லை. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்க முயன்றபோது நம் தலைப்புகள் ‘தகவல் தொடர்பு துண்டிப்பு’ என்றன. பின்னர் நாடாளுமன்றத்தில் தந்த பதிலில் அது ‘கடினத் தரையிறக்கம்’ ஆனது. பெயராக்கி முடிப்பதில் தமிழ்த் தலைப்பு யாருக்கும் இளைத்ததில்லை: மூவர் கைது, நால்வர் பலி, துப்பாக்கிச்சூடு, பதற்றம். சுட்டது யார் என்பது ‘சூடு’ என்ற சொல்லுக்குள் ஆவியாகிவிடுகிறது.

ரஷ்யத் தலைப்புகளில் சில ஆண்டுகளாக ‘ஃக்லபோக்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. கைதட்டும்போது எழும் ஒற்றைச் சத்தம் என்பது அதன் இயல்பான பொருள். எரிவாயுக் குழாய் வெடித்தாலும் கிடங்கு வெடித்தாலும் அதையே போடுகிறார்கள். வெடிப்புக்கு ‘வ்ஸ்ரீவ்’ என்ற நேரான சொல் இருக்கும்போதே. அகராதியை மட்டும் நம்பும் மாணவர், ஒரு பட்டணத்தில் யாரோ கைதட்டினார்கள் என்று எழுதிவிடுவார். 2022 மார்ச்சுக்குப் பின் உக்ரைனில் நடப்பதைப் போர் என்று ரஷ்யப் பத்திரிகை எழுதினால் வழக்கு வரும் நிலை. அதனால் ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்ற தொடரும் அதன் முதலெழுத்துச் சுருக்கமும் தலைப்புகளில் நிலைத்தன. மொழியைக் கற்றுத்தரும் தலைப்பு, எதைச் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுத்தருகிறது. ஆசிரியர் இதைச் சொல்லாமல் நகர்ந்தால் மாணவர் அந்தச் சொற்களை நிறமில்லாத சொற்களாக எடுத்துக்கொள்வார்.

7. எப்படிப் படிப்பது

கடைசியாக நடைமுறை. தொடக்கத்தில் தாஸ், ரியா போன்ற செய்தி நிறுவனங்களின் தலைப்புகளையே எடுங்கள். அவை தட்டையானவை, தட்டையாக இருப்பதுதான் நமக்கு வேண்டும். கமர்ஸான்த் நாளேட்டைப் பிறகு பார்க்கலாம். அவர்களுக்குச் சிலேடையில் மோகம். ரஷ்யப் பழமொழியும் திரைப்பட வசனமும் தெரியாமல் அதில் கால் வைக்க முடியாது. ஊர்ச் செய்திகளையும் வானிலையையும் உலக அரசியலைவிட அதிகமாகப் படியுங்கள். அரசியல் தலைப்பு தடை, பேச்சுவார்த்தை, உச்சிமாநாடு என்று அதே இருநூறு சொற்களைச் சுற்றிச் சுற்றி வரும்.

ஒரு தலைப்பை எழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் நம் வேற்றுமை எண்ணை இடுங்கள். பிறகு வீட்டுத் தமிழில் ஒரு முறை, எழுத்துத் தமிழில் ஒரு முறை சொல்லுங்கள். அகராதி வேண்டுமே என்பீர்கள். பியாதிகோர்ஸ்கியும் ருதினும் தொகுத்த தமிழ்–ரஷ்ய அகராதி மாஸ்கோவில் 1960இல் வந்தது. அந்த ருதின் செம்பியன் என்று தமக்குத் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டவர். ரஷ்ய–தமிழ் அகராதி 1965இல் வந்தது. அதைத் தொகுத்தவர்களில் ஆந்திரோனவ் ஒருவர். அறுபது ஆண்டுக்கு முந்தைய அந்தப் பக்கங்களோடு இன்றைய தலைப்பைப் படிக்கிறவர், ஓரத்தில் தன் சொற்பட்டியலைத் தானே எழுதிக்கொண்டே போக வேண்டும். என் மாணவர்களின் நோட்டுகள் அப்படித்தான் தடித்திருக்கின்றன. ஒன்றிரண்டு அச்சுக்குப் போகும் தரத்தில்கூட இருக்கின்றன.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. தலைப்பில் நான் இல்லை, நீ இல்லை. கரண்டி இல்லை, சீப்பு இல்லை, ‘கொஞ்சம் நகருங்கள்’ இல்லை. மூன்று மாதம் தலைப்பே படித்த மாணவருக்குப் பொருளாதாரத் தடை தெரியும், உப்பு கேட்கத் தெரியாது. ஆகவே நான்காம் மாதம் தலைப்பை நிறுத்திவிட்டு, செய்தியின் கீழ் அச்சாகும் வாசகர் கடிதங்களுக்குப் போகிறோம். அங்கேதான் தன்மையும் முன்னிலையும் கோபமும் முதல்முறையாக வருகின்றன. ஒருமையில் ‘தீ’ என்பதா, மரியாதையில் ‘வீ’ என்பதா என்ற கேள்வியும் அங்கேதான் எழுகிறது. நீ, நீங்கள் என்ற இரண்டோடு வளர்ந்தவருக்கு அதையும் விளக்க வேண்டியதில்லை. யாரிடம் எதைச் சொல்வது என்பதை மட்டும் அந்த ஊர்க்காரரைப் பார்த்துப் பழகினால் போதும்.